காவல் நாய்க்குட்டிக்கு நடையும் ஓய்வும்

தோட்டம், களம், ஆட்டுப்பட்டி ஆகியவற்றிற்குக் காவலாக நாய் வளர்ப்பது தமிழ்நாட்டுக் குடியானவர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்னும் நாட்டு ஜாதி நாய்கள் தென்மாவட்டங்களில் பெயர் பெற்றவை. இவற்றுள் இராஜபாளையம் நாயின் உருவத்தை 2005ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட தபால் தலையொன்றிலும் காணலாம். இவ்வளவு சிறப்புடைய ஜாதிகளாயிருந்தும், நல்ல தாய்க்குப் பிறந்த குட்டிகளிற் சில, வயது வந்தபின் முன்னங்கால் வளைந்தோ, இடுப்பு பலஹீனப்பட்டோ, கண்டவரையெல்லாம் கடிக்கும் முரட்டுக் குணங்கொண்டோ பயனற்றுப் போவதுண்டு. வம்சக் குறையும் தீனிக் குறையும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும், வளர்ப்பவர் கையில் முற்றும் அடங்கியுள்ள காரணமொன்று உண்டு. பிறந்த முதலாண்டில் குட்டிக்குக் கிடைக்கும் நடையும் ஓட்டமும் அளவில் மிகுதலோ குறைதலோ அக்காரணமாகும்.

குட்டி வளர்ப்பவர்கள் இரண்டு வகையாகத் தவறுகின்றனர். குட்டி சீக்கிரம் பலமடைய வேண்டுமென்னும் ஆவலால், நான்கு மாதங்கூட நிரம்பாததைச் சைக்கிளுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ பின்னால் ஓடவிடுவது ஒரு வகை. குரோதம் வளர வேண்டுமென்று எண்ணி, பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப் போட்டு, மனித முகமே காணாமல் வைப்பது மற்றொரு வகை. இளங்கன்றின் கழுத்தில் நுகத்தடியை வைக்க எந்த உழவனும் துணியான். எலும்பு முற்றுமுன் பாரம் ஏற்றினால் மாடு கெட்டுப்போகும் என்பது அவன் பரம்பரையாக அறிந்த விஷயம். அதே சமயத்தில், கன்றை இரவும் பகலும் முளையிலேயே கட்டி வைப்பதுமில்லை. தாயோடு மேய்ச்சலில் துள்ளித் திரியவே விடுகிறான். கன்றுக்கு உரிய இந்நியாயம் நாய்க்குட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

எலும்பு வளரும் விதம்

குட்டியின் கால் எலும்புகள் நடுப்பாகத்தில் நீள்வதில்லை. ஒவ்வோர் எலும்பின் நுனிக்கும் அருகே மெல்லிய குருத்தெலும்புத் தகடு ஒன்று இருக்கிறது. அத்தகட்டில் புதிது புதிதாய் உண்டாகும் குருத்தே நாளடைவில் இறுகி எலும்பாக மாறுகிறது. வளர்ச்சி முடிந்ததும் தகடு மறைந்து, அவ்விடம் முழுவதும் எலும்பாகிவிடும். நடுத்தர அளவுள்ள ஜாதிகளில் இது ஏறக்குறைய 9 முதல் 12 மாதத்திற்குள் முடியும். இராஜபாளையம் போன்ற உயர்ந்த ஜாதிகளில் 12 முதல் 18 மாதம் வரையிற் செல்லலாம்.

தகடு இறுகும் வரையில் அவ்விடம் காலிலேயே பலங்குறைந்த ஸ்தானமாக இருக்கிறது. முதிர்ந்த நாய் இடறினால் மூட்டைக் கட்டியிருக்கும் தசைநார் சுளுக்கிக்கொள்ளும். குட்டி இடறினாலோ, தசைநாருக்கு முன்னதாகக் குருத்துத் தகடு பிசகிவிடும். முன்னங்காலின் கீழ்ப்பாகத்தில் இரண்டு எலும்புகள் அருகருகே இணைந்து வளர்கின்றன. அவற்றுள் பின்புறத்து எலும்பின் கீழ்நுனியிலுள்ள தகடு கூம்பு வடிவமுடையது. உயரத்திலிருந்து குதிக்கும்போது அது நசுங்கி வளர்ச்சி நின்றுவிடுமானால், முன்புறத்து எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போகும். அப்பொழுது வளராத எலும்பு நாணைப் போலவும், வளரும் எலும்பு வில்லைப் போலவும் ஆகிக் கால் வளைந்துவிடும். வளைந்தபின் மருந்தினால் நிமிராது. சஸ்திர சிகிச்சையே வேண்டும். ஆகையால், டிராக்டர், லாரி, உயரமான திண்ணை ஆகியவற்றிலிருந்து குட்டியைக் குதிக்கவிடாமல், இரு கைகளாலும் ஏந்தி இறக்கிவிடுவதே முறையாகும்.

தானே ஓடுவதும் பிறர் ஓட்டுவதும்

ஓடியாடுவதே குட்டிக்கு ஆகாது என்று இதனாற் கொள்ளலாகாது. குட்டி தன் இஷ்டப்படி ஓடுவதற்கும், மனிதர் தம் இஷ்டப்படி அதை ஓட்டுவதற்கும் பெரிய வேற்றுமையுண்டு. திறந்த களத்தில் விட்ட குட்டி சிறிது ஓடும்; நின்று மோந்து பார்க்கும்; மண்ணைப் பறிக்கும்; களைத்தவுடன் படுத்துவிடும். அதற்கு வேண்டிய அளவை அதன் உடம்பே வகுத்துக்கொள்ளுகிறது. கழுத்தில் கயிறு கட்டிச் சாலையில் இழுத்துச் செல்லும்போது அவ்வுரிமை அதற்கில்லை. எஜமானைப் பிரிய மனமில்லாமல், கால் நோவையும் பொறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும். அது ஓடி வருவதைக் கண்டு அதற்குச் சக்தியிருக்கிறது என்று மதிப்பிடுவது தவறு.

நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார் முதலிய நான்கு பெரிய ஜாதிகளைச் சேர்ந்த சுமார் 500 நாய்களைப் பிறப்பிலிருந்து கவனித்து, 2012ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். பிறந்தது முதல் மூன்று மாதம் வரையில் மாடிப்படிகளில் ஏறியிறங்கிப் பழகிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுப் பொருந்தாத நோய் மிகுதியாகவும், அவ்வயதில் மேடுபள்ளம் சிறிதே உள்ள மெத்தென்ற தரையில் கட்டின்றித் திரிந்த குட்டிகளுக்கு அந்நோய் குறைவாகவும் காணப்பட்டது. விவசாயப் பண்ணைகளில் பிறந்த குட்டிகளுக்கும் அந்நோய் குறைவாகவே இருந்தது. அவை அந்நிய ஜாதி நாய்களேயாயினும், அவற்றால் விளங்கும் உண்மை இந்நாட்டுக் குடியானவர்களுக்குப் பெரிதும் அனுகூலமானது. பட்டணத்தில் பணங் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத புழுதி மண், புல்தரை, தென்னந்தோப்பு ஆகிய மெல்லிய தரைகள் அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

வயதை அறியும் விதம்

நடையின் அளவு வயதைப் பொறுத்ததாகையால், குட்டியின் பிறந்த தேதியை முதலில் விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும். தேதி தெரியாவிடின், மாட்டைப் போலவே நாய்க்கும் பல்லைக் கொண்டு வயதை ஒருவாறு நிர்ணயிக்கலாம். முன்பற்கள் யாவும் ஊசிபோற் சிறுத்துக் கூர்மையாயிருந்தால் குட்டிக்குப் பெரும்பாலும் நான்கு மாதம் நிரம்பவில்லை. நான்கு மாதத்தையொட்டி நடு முன்பற்கள் விழுந்து அகன்ற பற்கள் முளைக்கும். கோரைப்பற்கள் ஐந்து ஆறு மாதங்களில் மாறும். ஏறக்குறைய ஏழு மாதத்திற்குள் எல்லாப் பற்களும் மாறிவிடும். பல் மாறிவிட்டபடியால் எலும்பும் முற்றிவிட்டது என்று கருதலாகாது. கால் எலும்புகள் அதன்பின்னும் பல மாதம் வளர்ந்துகொண்டிருக்கும்.

வயதுக்கேற்ற அளவு

எட்டு வாரம் நிரம்பும் வரையில் குட்டி தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் இருத்தல் வேண்டும். ஒன்றையொன்று கடித்து விளையாடுவதே அப்பொழுது அதற்குப் போதிய தேகப் பயிற்சியாகும். எவ்வளவு வலிக்கும்படி கடிக்கலாம், எப்பொழுது விட்டுவிட வேண்டும் என்பதையும் அவ்விளையாட்டிலேயே கற்றுக்கொள்ளும். அவ்வயதுக்கு முன் பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டி பிற்காலத்தில் பல்லை அடக்க அறியாது போகக்கூடும்.

2 முதல் 3 மாதம் வரையில் தனியாக நடைக்குக் கூட்டிச் செல்ல வேண்டுவதில்லை. வேலியிட்ட முற்றத்தில் அல்லது களத்தில் நாளைக்கு நான்கைந்து தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம் அளவில் கட்டின்றித் திரியவிட்டால் போதுமானது. மெல்லிய கழுத்துப்பட்டையை மட்டும் போட்டுப் பழக்கலாம்.

மூன்று மாதத்திற்கு மேல், கயிற்றில் பிடித்து நடத்துவதற்கு எளிய கணக்கு ஒன்று பல தேசங்களில் வழங்குகிறது. வயது எத்தனை மாதமோ, மாதத்திற்கு ஐந்து நிமிஷம் வீதம் ஒரு நடை என்பதே அது. அதன்படி மூன்று மாதக் குட்டிக்கு 15 நிமிஷமும், நான்கு மாதத்திற்கு 20 நிமிஷமும், ஆறு மாதத்திற்கு 30 நிமிஷமும் ஆகும். நாளொன்றுக்கு இரண்டு நடை வரையிற் கொடுக்கலாம். இது ஆராய்ச்சியினால் அளந்து கண்ட விதியன்று. அனுபவஸ்தர்கள் வைத்துக்கொண்ட கைக்கணக்கேயாகும். ஆகவே, இதனை மேல் வரம்பாகக் கொண்டு, குட்டியின் நிலைமையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுதல் நலம். குட்டி தானாகக் களத்தில் விளையாடும் நேரத்தை இக்கணக்கிற் சேர்க்க வேண்டுவதில்லை.

ஒன்பது மாதத்திற்கு மேல் நடையை முக்கால் மணி நேரமாக உயர்த்தி, தோட்டத்தின் எல்லையைச் சுற்றிவரப் பழக்கலாம். சைக்கிளின் பக்கத்தில் ஓட்டுவது, வாய்க்கால் தாண்டச் செய்வது முதலிய கடினமான பயிற்சிகளை நடுத்தர ஜாதிகளுக்கு ஒரு வருஷமும், உயர்ந்த ஜாதிகளுக்கு ஒன்றரை வருஷமும் நிரம்பிய பின்னரே தொடங்குதல் வேண்டும். அப்பொழுதும் சிறிது சிறிதாகவே அதிகப்படுத்த வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வைத்திருப்போரிற் சிலர், ஓட்டப் பயிற்சி என்ற பெயரால் முயல் விரட்ட அழைத்துச் செல்லுகின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாதலால் அறவே விலக்கத்தக்கது.

நடையைப் போலவே உறக்கமும் வளர்ச்சிக்கு அவசியமானது. இளங்குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். 18 மணி நேரம் தூங்குவதும் இயல்பே. தூங்கும் குட்டியைச் சிறுவர்கள் அடிக்கடி எழுப்பி விளையாடுவதைத் தடுக்க வேண்டும். உறக்கங் கெட்ட குட்டி அடங்காமல் ஓடிக் கடிக்கத் தொடங்கும். அதைக் கண்டு இன்னும் ஓட்டம் வேண்டும்போலும் என்று எண்ணி மேலும் ஓட்டுவது, தீயை நெய்வார்த்து அணைக்கப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

நேரமும் தரையும்

நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வியர்வை உண்டாகும். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது உடலின் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளுகிறது. ஆதலால், சூரியோதயத்தையொட்டிய வேளையும் பொழுது சாய்ந்த வேளையுமே நடைக்கு உகந்தவை. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் நடையை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழெட்டு விநாடி பொறுக்க முடியாவிட்டால், அத்தரை குட்டியின் பாதத்தைச் சுட்டுவிடும். தார் ரோட்டையும் சிமெண்டுக் களத்தையும் இவ்விதம் சோதித்த பின்னரே குட்டியை விட வேண்டும்.

குட்டி வாய் நுரைத்து, ஈறு மிகச் சிவந்து, தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று அறிந்து, உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் ஜலத்தை ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வயிறு நிரம்பத் தின்ற குட்டியை ஒரு மணி நேரமாவது ஓட்டாமலிருப்பதும், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, எலி மருந்து வைத்த வயல், பூச்சி மருந்து தெளித்த பயிர் ஆகியவற்றின் பக்கத்தில் கயிற்றை விடாமல் பிடித்துச் செல்வதும் உத்தமம்.

தடுப்பூசி முடியுமுன் செய்யவேண்டியது

குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கிக் கொல்லும் பார்வோ என்னும் நோய் 1978ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியது. அதன் கிருமி நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்பட்டு மண்ணில் பல மாதம் அழியாமலிருக்கும். ஆகையால் தடுப்பூசித் தவணைகள் முடியுமுன், நாய்கள் கூடும் சந்தை, பஸ் நிறுத்தம், இறைச்சிக்கடை ஆகிய இடங்களில் குட்டியைத் தரையில் விடலாகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், பின் மூன்று நான்கு வாரத்திற்கொரு முறையாகப் பதினாறு வாரம் வரையில் மற்ற ஊசிகளும் போடுவது வழக்கம். குடற்புழு மருந்தையும் வைத்தியர் சொல்லும் முறைப்படி கொடுத்துவர வேண்டும். புழு மிகுந்த குட்டிக்கு எவ்வளவு நடை கொடுத்தாலும் உடம்பு தேறாது.

இக்காரணத்தால் குட்டியை நான்கு மாதம் அறையிலடைத்து வைப்பதும் கூடாது. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல வருஷம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலுள்ள காலத்திலேயே குட்டி மனிதரோடும் பிற பிராணிகளோடும் இணங்கக் கற்கிறது என்பதை விளக்கியுள்ளனர். அப்பருவம் கடந்தபின் அவ்விணக்கத்தை உண்டாக்குவது மிகக் கடினம். ஆகவே, குட்டியைக் கையிலேந்திச் சென்று, ஆடு மாடுகளையும், வேலைக்கு வரும் ஆட்களையும், டிராக்டரின் ஓசையையும் தூரத்திலிருந்து காட்டிப் பழக்க வேண்டும். இவ்விதம் பழகிய நாயே பண்ணைக்கு உரியவரையும் அந்நியரையும் பகுத்தறிந்து குரைக்கும். அச்சத்தினால் கடிக்கும் நாய் காவல் நாயாகாது.

தீனியும் நடையும்

எலும்புக்குக் கேடு நடையினால் மட்டுமன்றித் தீனியினாலும் வரும். வெறுஞ் சோறும் குழம்புமே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு மென்மையாகும். அத்தகைய கால் சாதாரண நடையையும் தாங்காது. மறுபுறத்தில், பருமனாக வேண்டுமென்று அளவின்றித் தீனி போடுவதும், வைத்தியரைக் கேளாமல் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைக் கொடுப்பதும் உயர்ந்த ஜாதிக் குட்டிகளின் மூட்டுகளைக் கெடுக்கும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு நடத்தி 2002ஆம் ஆண்டில் முடிவு வெளியான சோதனையில், கால் பங்கு தீனி குறைத்துக் கொடுக்கப்பட்ட நாய்கள் மற்றவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதித்தே வந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமலும், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படுமாறும் குட்டியின் உடம்பை வைத்திருப்பதே சரியான அளவு.

மிகுதியையும் குறைவையும் அறியும் குறிகள்

நடையின் நடுவில் பின்தங்குதல், படுத்துக்கொண்டு எழ மறுத்தல், வீடு திரும்பி வெகுநேரமாகியும் இரைத்தல், தூங்கி எழுந்தபின் காலைத் தாங்கி நடத்தல் ஆகியவை நடை மிகுந்துவிட்டது என்பதற்கு அறிகுறிகள். மறுநாளே நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நொண்டுதல் ஒரு நாளைக்குமேல் நீடித்தாலும், மூட்டு வீங்கியிருந்தாலும், எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிராமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓயாமற் குரைத்தல், கயிற்றையும் செருப்பையும் கடித்துக் குதறுதல், கட்டிய முளையையே சுற்றிச் சுற்றி வருதல், அவிழ்த்தவுடன் கட்டுக்கடங்காமல் பாய்ந்தோடுதல் ஆகியவை நடையும் பழக்கமும் போதவில்லை என்பதைக் காட்டும். அழைத்தும் திரும்பிப் பாராத குட்டியை உடனே அடித்தல் கூடாது. வெண்ணிற நாய்களிற் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. பின்னால் நின்று கை தட்டிச் சோதித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

சங்கிலியும் சட்டமும்

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு கிராம உத்தியோகஸ்தர்கள் அறிந்திருக்கத் தக்கது. நியாயமற்ற அளவில் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிராணியைக் கட்டி வைப்பதை அது குற்றமாக்குகிறது. அன்றியும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்பட்டிருக்கும் நாய்க்குத் தக்க அளவு தேகப் பயிற்சி கொடுக்காத சொந்தக்காரரையும் அதே பிரிவு குற்றவாளியாகக் கருதுகிறது. எனவே, நாயை நடத்திச் செல்லுதல் வளர்ப்பவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. சட்டம் விதித்த கடமையுமாகும்.

ஊரார் க்ஷேமத்தை முன்னிட்டும் இது கவனிக்கத்தக்கது. கட்டியே வளர்க்கப்பட்டு, ஒருநாள் சங்கிலி அறுந்து வெளியேறும் நாயினால் வழிப்போக்கருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆபத்து நேரும். கிராம உத்தியோகஸ்தர்கள் ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களைக் கணக்கெடுத்து, மூன்று மாதம் நிரம்பிய ஒவ்வொரு குட்டிக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் வைத்தியர் குறிக்கும் தவணைப்படி மறு ஊசியும் போடப்படுமாறு கால்நடை மருந்தகத்தின் உதவியுடன் ஏற்பாடு செய்யலாம். விளையாட்டாகக் குட்டி கடித்தாலும், சிறு கீறலேயானாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் ஜலத்தில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பதை யாவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். வெறிநோய் குட்டிக்கும் உண்டாகும். மனிதருக்கு அந்நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

காவலுக்கு ஏற்ற நாய் பிறந்த ஆண்டிலேயே உருவாகிவிடுவதில்லை. முதலாண்டில் மெல்லிய தரையில் கட்டின்றி விளையாட்டு, வயதுக்குத் தக்க சிறு நடை, நிறைந்த உறக்கம், அளவான தீனி, காலத்தில் ஊசி ஆகிய இவ்வைந்தையும் கொடுத்து, கடின ஓட்டத்தை எலும்பு முற்றும் வரையில் ஒத்திவைப்பவர்கள், பின்வரும் பத்து வருஷத்திற்குத் தோட்டத்தையும் பட்டியையும் நம்பி ஒப்படைக்கத்தக்க துணையை அடைவர் என்பது திண்ணம்.